குறிஞ்சி நீலம் ஏன் கத்தரிக்காய் நிறமாகிறது? போன் கவர், பாப் சாக்கெட், பவர் பேங்கில் காட்டுப்பூ அச்சு

கேத்தி_கேரட் (இழை தொடங்கியவர்)

நீலகிரிக் காட்டுப்பூப் படங்களை போன் கவர், பாப் சாக்கெட் (போனின் பின்னால் ஒட்டும் வட்டப் பிடி), பவர் பேங்க் மூன்றிலும் அச்சடிக்க வேண்டும். இருக்கும் சாமான்: ஏ4 ஆறு வண்ண டேங்க் பிரிண்டர், சப்ளிமேஷன் மை (சூட்டில் ஆவியாகிப் பொருளின் பூச்சுக்குள் இறங்கும் சாயம்), 15க்கு 15 அங்குல ஹீட் பிரஸ். அலுமினியத் தகடு ஒட்டும் கவரில் போட்ட முதல் சோதனையில் மூன்று குறை.

1. குறிஞ்சியின் நீலம் தோய்ந்த ஊதா, கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் வருகிறது.
2. காட்டுப்பூவரசின் (ரோடோடென்ட்ரான்) சிவப்பில் இதழ் மடிப்பே இல்லை. குங்குமத்தை அப்பியது போல ஒரே திட்டு.
3. தகட்டில் அங்கங்கே குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளி. இலை ஓரங்களில் நிழல் மாதிரி இரட்டைக் கோடு.

190 டிகிரி, 60 விநாடி. படம் எஸ்ஆர்ஜிபி (திரைக்கான வழக்கமான நிற முறை), 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஊர் உதகை, ஆனி மாத மழை. எங்கே கை வைப்பது?

---

மைத்துளி

மூன்றாவதில் இருந்து வருகிறேன், அதுதான் சுலபம்.

புள்ளியின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் தூசி அல்லது நூல்துணுக்கு. கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிரஸ் முன்னால் நிற்கும் ஊர் இது, துணுக்குக்குப் பஞ்சமா? ஒட்டும் உருளையால் தகட்டை ஒருமுறை உருட்டினால் போதும். விளிம்பு மங்கலாக, தண்ணீர் சொட்டிய கறை மாதிரி இருந்தால் ஈரம். காகிதத்தில் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, சாயம் தகட்டுக்குள் இறங்கும் நேரத்தில் குறுக்கே நிற்கிறது.

ஈரத்துக்கு:

சப்ளிமேஷன் காகிதத்தைத் திறந்து வைக்காதீர்கள். ஜிப்லாக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். அச்சடித்த தாளைப் பத்து நிமிடம் உலரவிடுங்கள். பிறகு சூடான மேல்தட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே 15 விநாடி காட்டுங்கள். தொடக் கூடாது, தொட்டால் சாயம் அங்கேயே கிளம்பிவிடும். தகட்டை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து 5 முதல் 10 விநாடி தனியாக அழுத்தி எடுங்கள். முதலில் அதன் மேலிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உரிக்க வேண்டும் என்று சொல்வதே அவமானமாக இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் அதை உரிக்காமல்தான் அச்சு மங்கல் என்று எழுதுகிறார்கள்.

இரட்டைக் கோடு ஈரத்தால் வந்ததல்ல. பிரஸ்ஸைத் திறக்கும்போது காற்று இழுத்துத் தாள் அரை மில்லிமீட்டர் நகர்கிறது. தகடும் தாளும் இன்னும் சூடு, சாயம் இன்னும் ஆவி, நகர்ந்த இடத்திலும் கொஞ்சம் படிகிறது. தெர்மல் டேப்பை இரண்டு பக்கமாவது ஒட்டுங்கள். கைப்பிடியை விருட்டென்று தூக்காமல் மெதுவாக விடுங்கள். தாளைச் சூட்டோடு ஒரே இழுப்பில் மேல்நோக்கி எடுங்கள், பக்கவாட்டில் உரிக்காதீர்கள்.

நிறத்துக்குப் போகும் முன் ஒரு கேள்வி. பிரஸ் எந்த பிளக்கில் ஓடுகிறது?

---

கேத்தி_கேரட்

5 ஆம்பியர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஏன்?

---

வர்க்கியும்_டீயும்

மைத்துளி அண்ணன் கேட்டதன் காரணம் இதுதான். 15க்கு 15 பிரஸ் 1,400 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் 1,400 வாட்டே 6 ஆம்பியரைத் தாண்டுகிறது. எக்ஸ்டென்ஷன் ஒயர் சுடுகிறதா என்று தொட்டுப் பாருங்கள், சுட்டால் இன்றைக்கே மாற்றுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட், தனி லைன், எர்த் கட்டாயம். மலையில் மாலை நேரம் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹீட்டர் தரும் சூடு கிட்டத்தட்ட இருபது சதவீதம் குறையும், ஏனென்றால் வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. டிஸ்பிளே 190 காட்டும், அது சென்சார் இருக்கும் இடத்தின் கதை. குளிர்ந்த தகட்டை வைத்ததும் தட்டின் மூலைகள் 175க்கு இறங்கி நிற்கலாம்.

ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். வெப்பமானி ஸ்டிரிப் இருந்தால் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள்.

---

மைத்துளி

அதேதான். சூடு குறைந்தால் கறுப்பு, கறுப்பாக வராது, பழுப்போ பச்சையோ அடிக்கும். சூடோ நேரமோ கூடினால் விளிம்பு கசியும், வெள்ளை மஞ்சளாகும். கேரட் தம்பி, உங்கள் சோதனையில் இலையின் இருட்டுப் பகுதி பழுப்பாக இருந்தால், நிறத்தைத் திருத்தாதீர்கள். முதலில் சூட்டைச் சரி பண்ணுங்கள். சூடு தப்பாக இருக்கும்போது திருத்திய நிறம், பிளக் மாற்றியதும் வேறு பக்கம் சாய்ந்துவிடும்.

இன்னொன்று, அச்சான தாளைப் பார்த்து நிறத்தை எடை போடாதீர்கள். அழுத்தும் முன் சப்ளிமேஷன் அச்சு வெளுத்துத்தான் இருக்கும். தகட்டில் ஏறிய பிறகுதான் அது பேசும்.

இப்போது கத்தரிக்காய். திரை ஒளியால் காட்டும் நீல ஊதாவில் ஒரு பங்கு மையால் எட்டவே முடியாதது. எட்டாத நிறத்தை மென்பொருள் பக்கத்தில் இருக்கும் நிறத்துக்குத் தள்ளும், அந்தப் பக்கத்து நிறம் பெரும்பாலும் மெஜந்தா (இளஞ்சிவப்பு மை) தூக்கிய ஊதா. அச்சகத்தில் பழைய விதி ஒன்று உண்டு. நீலம் நீலமாக நிற்க வேண்டுமென்றால் சயானை (வெளிர்நீல மை) விட மெஜந்தா 30 பங்காவது குறைவாக இருக்க வேண்டும். சயான் 90 என்றால் மெஜந்தா 60க்கு மேல் போகாதே. குறிஞ்சி முழு நீலம் இல்லை, அதனால் 20 பங்கு வித்தியாசத்தில் தொடங்கிப் பாருங்கள்.

நீங்கள் ஆர்ஜிபியில் வேலை செய்கிறீர்கள் என்றால் முழுப் படத்தையும் தொடாதீர்கள். ஊதா, நீலம் இரண்டு சாயலை மட்டும் நீலப் பக்கம் நகர்த்துங்கள். எவ்வளவு? கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே தகட்டில் ஒன்பது கட்டம் போடுங்கள். பூவின் ஒரே துண்டு ஒன்பது முறை. இடமிருந்து வலம் சாயல் 0, மைனஸ் 8, மைனஸ் 16. மேலிருந்து கீழ் செறிவு 0, மைனஸ் 10, மைனஸ் 20. ஒவ்வொன்றுக்கும் கீழே எண்ணைப் பொடியாக அச்சடியுங்கள், மறந்துபோகும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், டியூப்லைட்டின் கீழ் வேண்டாம். ஒரு தகட்டுச் செலவில் ஒரு மாதக் குழப்பம் தீரும்.

டிரைவரில் நிறத் திருத்தம் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐசிசி புரொஃபைல் (மைக்கும் தாளுக்கும் ஏற்ற நிறத் திருத்தக் கோப்பு) மென்பொருளில் ஒருமுறை, பிரிண்டர் டிரைவரில் இன்னொரு முறை என்று இரண்டு இடத்திலும் திருத்தம் விழுந்தால், டீயில் இருவர் சர்க்கரை போட்டது போல. புரொஃபைலில் பெர்செப்சுவல் முறையைத் தேர்ந்தெடுங்கள். ரிலேட்டிவ் முறையில் எட்டாத ஊதாக்கள் எல்லாம் ஒரே எல்லையில் போய் முட்டி, இதழ் நரம்பு மறையும்.

---

புல்வெளி

சிவப்புத் திட்டு அச்சில் நடந்த தவறு இல்லை. படம் எடுக்கும்போதே தொலைந்த விவரம், அதை எந்த மையும் திருப்பித் தராது.

காட்டுப்பூவரசு போன்ற அடர்சிவப்பில் கேமராவின் சிவப்பு சானல் முதலில் நிரம்பி வழிகிறது. மொத்த ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) நடுவில் சமர்த்தாக நிற்கும், அதனால் ஏமாறுவோம். மூன்று சானலையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பு மட்டும் வலது சுவரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப், சில நேரம் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். ராவ் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வடிவில் எடுங்கள். உங்களிடம் ராவ் இருந்தால், வழிந்தது உண்மையில் சிவப்பு சானலா அல்லது ஜேபெக் ஆக்கும்போது செறிவு கூடி வழிந்ததா என்று பார்க்கலாம். இரண்டாவது என்றால் படம் பிழைத்துக்கொள்ளும்: சிவப்பின் செறிவை 15 முதல் 20 இறக்குங்கள், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், மடிப்பு திரும்பி வரும்.

நீல ஊதாவிலும் கேமராவின் பங்கு உண்டு. இந்த நிறப் பூக்களில் பல, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் ஓரச் சிவப்பொளியை வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. கண் அதைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளாது. சென்சாரின் சிவப்புக் கண் கண்டுகொள்ளும். ஆக, படம் நேரில் பார்த்ததை விடக் கொஞ்சம் ரோஸாகத்தான் பிறக்கிறது. அதன் மேல் அச்சு இன்னொரு தள்ளு தள்ளுகிறது. மூடுபனியில் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் நிலைகொள்ளாது, ஒரே செடியின் நான்கு படம் நான்கு நிறத்தில் வரும். சாம்பல் அட்டையை பூவின் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்துவிடுங்கள். அட்டை இல்லாவிட்டால் மேகமூட்டத்துக்கு 6,500 கெல்வின் என்று பூட்டிவையுங்கள்.

மற்றபடி பனிமூட்டம் சாபம் இல்லை. நிழலே விழாத இவ்வளவு பெரிய வெள்ளைத் துணி வேறு எங்கே கிடைக்கும்? நண்பகல் வெயிலில் எடுத்த நீலகிரி லில்லியில் இதழ் வெறும் வெள்ளைக் காகிதம், பனியில் எடுத்ததில் நரம்பெல்லாம் தெரியும்.

கவருக்கு என்று எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மலைச்சரிவு முழுக்கப் பூத்த குறிஞ்சி சுவரில் மாட்ட அழகு. ஏழு சென்டிமீட்டர் அகலக் கவரில் அது நீலப் பூஞ்சை. ஒரு கிளை, நான்கைந்து பூ, பின்னால் மங்கிய புல்வெளி, அவ்வளவுதான் தாங்கும். பின்னணியில் வெறுமை நிறைய விடுங்கள், செங்குத்தாக எடுங்கள். மேல் இடது மூலையில் போனின் கேமரா மேடு வரும், அங்கே பூ இருந்தால் அதற்குக் கண் முளைக்கும். பூவின் நடு, கவரின் கீழ்ப்பாதியில் வலது பக்கம் நிற்பது பாதுகாப்பு. கவரின் நடுவில் பாப் சாக்கெட் ஒட்டுவார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆசை ஆசையாகப் பூவை நடுவில் வைத்து, அதன் மூஞ்சியிலேயே வட்டம் ஒட்டி விற்கும் கவர்கள் கடைத்தெருவில் தொங்குகின்றன.

சிறு பூக்களுக்கு எஃப்/8 முதல் எஃப்/11. அதற்கு மேல் மூடினால் முழுப்படமும் மெல்ல மங்கும். புல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஜென்டியானா, காசித்தும்பை வகைகளுக்கு குவியத்தைத் தள்ளித் தள்ளி 8 முதல் 15 படம் எடுத்து ஒன்றாக அடுக்கலாம். காற்று நின்றால்தான். மலையில் காற்று காலை எட்டு மணிக்கு முன்னால் கொஞ்சம் கருணை காட்டும்.

---

கேத்தி_கேரட்

அளவு எப்படிக் கணக்கிடுவது? கவருக்குக் கவர் மாறுகிறதே.

---

புல்வெளி

பொருளின் அளவோடு சுற்றிலும் 3 மி.மீ. உபரி. எடுத்துக்காட்டாக ஐபோன் 15 என்றால் போன் 147.6க்கு 71.6 மி.மீ. தட்டையான தகட்டுக்கு 80க்கு 160 மி.மீ. கித்தான் வைத்தால் தாராளம், 300 டிபிஐயில் 945க்கு 1,890 பிக்சல். பாப் சாக்கெட் வட்டம் சுமார் 40 மி.மீ., உபரியோடு 46, அதாவது 543 பிக்சல். இன்றைய எந்த போன் கேமராவும் இதைத் தாண்டும், மெகாபிக்சல் பற்றிக் கவலை வேண்டாம். தெளிவு குறைந்தால் அது குவியப் பிழை அல்லது கை நடுக்கம்.

விளிம்பு வளைந்த கவருக்கு உபரி 5 மி.மீ.

---

பூம்பாறைப்பூண்டு

இவ்வளவு நேரம் அலுமினியத் தகட்டைச் சுற்றியே வருகிறீர்களே! தகடு இருந்தால் ஒயர்லெஸ் சார்ஜ் ஏறாது. காந்த அலை தகட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித் தகட்டையே சூடேற்றும். கடையில் போனைக் காட்டித் தட்டிப் பணம் கட்டுவதும் சிலதில் நின்றுபோகும். இதைச் சொல்லாமல் விற்றால் ஆள் திரும்ப வந்து நிற்பார்.

கொடைக்கானல் பக்கம் யுவி (புற ஊதா) பிரிண்ட்தான் எடுபடுகிறது. மை மேலேயே 395 நானோமீட்டர் எல்இடி வெளிச்சத்தில் உறையும், சூடு வேண்டாம், வெள்ளை மை உண்டு. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாதே, வெள்ளை வேண்டிய இடத்தில் தகட்டின் வெள்ளைதான் வெள்ளை. நீலகிரி லில்லியை டிரான்ஸ்பரன்ட் கவரில் சப்ளிமேஷனில் போட்டால் லில்லி மறைந்து காம்பு மட்டும் நிற்கும். யுவியில் பூவுக்கு மட்டும் கீழே வெள்ளைப் பூச்சு கொடுத்து, பின்னணியை அப்படியே விட்டால் போனின் நிறமே பின்னணி.

---

மைத்துளி

பூண்டு அண்ணன் சொல்வது சரி, ஆனால் யுவியில் என்ன கெடும் என்பதைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை.

முதலில் ஒட்டுதல். சப்ளிமேஷனில் சாயம் பூச்சுக்குள் இறங்குகிறது. யுவியில் மை மேலே உட்கார்ந்திருக்கிறது, நகத்தால் சுரண்டினால் தெரியும். அதனால் கவரை 99 சதவீத ஐசோபுரோபில் ஆல்கஹாலால் துடைத்து, அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமர் மெல்லிசாகப் பூச வேண்டும். அச்சடித்து 24 மணி நேரம் கழித்து, கெட்டுப்போன கவர் ஒன்றில் சோதியுங்கள்: பிளேடால் 1 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டம் கட்டமாக மை டேப்போடு வந்தால் பிரைமர் தவறு அல்லது பிளாஸ்டிக்கில் கை எண்ணெய் இருந்திருக்கிறது.

இரண்டாவது, சானிடைசர். அதில் ஆல்கஹால் இருக்கிறது. மேலே வார்னிஷ் இல்லாத யுவி அச்சு நாளடைவில் மழுங்கும்.

மூன்றாவது, மெத்தென்ற டிபியூ (வளையும் பிளாஸ்டிக்) கவர். வளையும் பொருளில் விறைப்பான மை போட்டால் மடக்கிய இடத்தில் வெடிப்பு விழும். வளையும் வகை மை தனியாக உண்டு. டிபியூ வெயிலிலும் நாள்பட்டும் மஞ்சளாகும். வெள்ளைப் பூச்சுக்குப் பின்னால் இருப்பது மறைந்திருக்கும், சுற்றியுள்ள டிரான்ஸ்பரன்ட் விளிம்பு மட்டும் பழைய பல் நிறத்துக்கு மாறும். சிலிகான் கவரில் எதுவும் ஒட்டாது, முயற்சியே வேண்டாம்.

நான்காவது, உயரம். அச்சுத் தலைக்கும் பொருளுக்கும் 2, 3 மி.மீ.தான் இடைவெளி. வளைந்த ஓரம் அதற்கு மேல் இறங்கினால் துளி காற்றில் சிதறி விளிம்பு பொடிப்பொடியாகத் தெரியும். கவர் கொஞ்சம் தூக்கி நின்றாலோ தலையே உரசும். ஜிக்கில் (பொருளை அசையாமல் பிடிக்கும் சட்டம்) கவரை அழுத்திப் பொருத்தி, அதன் உச்சியை அளந்துவிட்டு ஓட்டுங்கள்.

விளிம்பு வரை படம் வேண்டும், வயர்லெஸ்ஸும் வேண்டும் என்பவருக்கு 3டி சப்ளிமேஷன் கவர், பாலிகார்பனேட்டில் பூச்சு போட்டது. வேக்யூம் பிரஸ்ஸில் சில நிமிடம் வேகும். பாலிகார்பனேட் 147 டிகிரியைத் தாண்டினாலே இளகும். உள்ளே உலோக அச்சு இருப்பதால்தான் உருவம் நிற்கிறது. அவசரப்பட்டுச் சூட்டோடு கழற்றினால் கவர் சுருங்கி, போனில் ஏறாது. அச்சோடு முழுசாக ஆறவிட்டுக் கழற்றுங்கள். நேரமும் சூடும் கவர் விற்பவர் தரும் அளவுப்படி, ஒவ்வொரு பூச்சும் வேறு.

---

வர்க்கியும்_டீயும்

பவர் பேங்க் பற்றி யாரும் பேசவில்லை, அதற்கு முன் ஒரு வரி தனியாக.

பவர் பேங்கை ஹீட் பிரஸ்ஸில் வைக்காதீர்கள். பத்து விநாடி கூட வேண்டாம்.

உள்ளே லித்தியம் செல். அது அறை வெப்பத்தில் வாழும் பொருள், 190 டிகிரியில் தீப்பற்றும். மேல் மூடியை மட்டும் தனியாகக் கழற்றி அழுத்தலாம் என்றும் யோசிக்காதீர்கள். திறந்ததும் சீல், செல்லை ஒட்டிய டேப் எல்லாம் போச்சு.

பவர் பேங்குக்கு இரண்டு வழிதான்: நேரடி யுவி பிரிண்ட், அல்லது யுவி டிடிஎஃப் ஸ்டிக்கர். வேலை செய்யும்போது சார்ஜ் பாதிக்கு மேல் இருக்க வேண்டாம்.

அச்சு எங்கே வரக் கூடாது: திறனும் வாட்-மணியும் பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கும் பக்கம். 10,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணி, 20,000 என்றால் 74. விமானத்தில் 100 வாட்-மணிக்குள் இருப்பதைக் கைப்பையில் கொண்டுபோகலாம், ஆனால் அந்த எண் பவர் பேங்கில் படிக்கும்படி இருக்க வேண்டும். அதன் மேல் காசித்தும்பை பூத்திருந்தால் கோவை விமான நிலையத்தில் அந்தப் பூவை யாரும் ரசிக்க மாட்டார்கள். இன்டிகேட்டர் விளக்கு, பட்டன் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

---

பூம்பாறைப்பூண்டு

டிடிஎஃப் முறை தெரியாதவர்களுக்கு: ஏ ஃபிலிமில் வெள்ளை, வண்ணம், வார்னிஷ் அடுக்கடுக்காக அச்சாகும். அதன் மேல் பி ஃபிலிமை லாமினேட்டரில் ஓட்ட வேண்டும். பொருளை ஆல்கஹாலால் துடை, ஏ ஃபிலிமைப் பிரி, ஒட்டு, நடுவில் இருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் தேய், பி ஃபிலிமைச் சாய்வாக மெதுவாக உரி. மழைநாளில் பொருள் குளிர்ந்து வியர்த்திருக்கும், அதன் மேல் ஒட்டினால் மறுநாள் ஓரம் தூக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு ஒட்டுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

பூ வடிவத்துக்கே வெட்டாதீர்கள். செங்காந்தளின் சுருண்ட இதழ் நுனி மாதிரி மெல்லிய முனைகள்தான் முதலில் பிய்யும். முனைக்கு வெளியே 1 மி.மீ. வெள்ளையோ வார்னிஷோ சுற்றி விடுங்கள்.

வேறொன்று, பாப் சாக்கெட்டில் கண்ணாடிக் குமிழ் மாதிரி ரெசின் ஊற்றுகிறார்களே, அது நம் மலையில் ஏன் சொதப்புகிறது?

---

மைத்துளி

ஈரமும் குளிரும். பாலியூரிதேன் ரெசினில் இருக்கும் ஐசோசயனேட், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு விடும். அதுதான் அந்த நுண்குமிழ். எபாக்ஸியில் குமிழ் குறைவு, ஆனால் குளிரில் உறைய மறுக்கும், ஈரத்தில் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்புப் படியும்.

40 மி.மீ. வட்டத்துக்கு 2 முதல் 2.5 மி.லி. போதும். கலவை விகிதம் டப்பாவில் எழுதியபடி, எடைக்கா அளவுக்கா என்று பார்த்து. கண்ணால் ஊற்றினால் ஒரு பக்கம் கல்லாகும், ஒரு பக்கம் ஜவ்வாகும். இரண்டு டப்பாவையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி (மூடியோடு, தண்ணீர் உள்ளே போகாமல்) 30 டிகிரிக்குக் கொண்டுவந்து கலக்குங்கள், இளகி இருக்கும்போது குமிழ் தானே மேலே வரும். வட்டத்தின் ஓரம் கூர்மையாக வெட்டியிருக்க வேண்டும், பரப்பு இழுவிசை அந்த விளிம்பில்தான் ரெசினைத் தடுத்து நிறுத்துகிறது. பிசிறு இருந்தால் வழியும். மேசை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஊற்றியதை அட்டைப்பெட்டியால் மூடி உள்ளே சிறு சூடு வைக்க வேண்டும். பழைய இழை பல்பு கிடைத்தால் 40 வாட் ஒன்று, எல்இடி பல்பில் குளிர் காயவே முடியாது. பல்பு அட்டையைத் தொடாமல் தொங்கட்டும், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

பிரிண்டரையும் மறக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே ஓட்டும்படி அது செய்யப்படவில்லை. தை மாதக் காலையில் மை கெட்டிப்பட்டு நாசில் அடைக்கும். அறை சூடானதும் நாசில் செக், பிறகுதான் வேலை.

---

சோலைப்பாசி

அச்சு பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அட்டையில் எழுதும் பெயர் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊதாவாக இருந்தால் குறிஞ்சி என்று எழுதி விற்கிறார்கள். ஜக்கரண்டா கூடக் குறிஞ்சி ஆகிவிட்டது! அது வீதியோரம் நட்ட தென்னமெரிக்க மரம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, புல்வெளியில் வளரும் குறுஞ்செடி. 2006, 2018 என்று பெரும்பூப்பு வந்தது, அடுத்தது 2030. நடுவில் அங்கங்கே தப்பிப் பூப்பதும் உண்டு. அதே பேரினத்தில் வேறு இனங்களும் மலையில் இருக்கின்றன, அவற்றின் சுழற்சி வேறு, சில சோலைக்குள் நிழலில் வளர்பவை. இலை, பூக்கதிர், செடி நின்ற இடம் மூன்றும் சேர்ந்த ஒரு படம் கூடவே எடுத்துவைத்தால்தான் இனத்தைச் சொல்ல முடியும். கவருக்கென்று எடுத்த ஒற்றைப் பூ போதாது. சந்தேகம் இருந்தால் 'குறிஞ்சி வகை' என்று எழுதுங்கள், யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

காட்டுப்பூ என்ற சொல்லும் அப்படித்தான். மஞ்சளாகப் புல்வெளியை மூடும் ஸ்காட்ச் புரூமும் கார்ஸும் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. உண்ணிச்செடி வெளியூர். ஓடையோர வெள்ளைக் கல்லா லில்லி தென்னாப்பிரிக்கா. இவை அழகாக இல்லை என்று சொல்லவில்லை. 'நீலகிரியின் காட்டுப்பூக்கள்' என்று 12 கவர் போட்டு அதில் ஐந்து இவையாக இருந்தால், புல்வெளியை விழுங்குபவர்களுக்கே விளம்பரம்.

நிலத்து ஆர்க்கிட் படங்களில் இருந்து இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுத்தான் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டும். கிழங்கோடு தோண்டுபவர்கள் உண்டு. முக்குருத்தி, பேரிஜம் போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், விற்பனைக்கென்று எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லியே கேளுங்கள். இந்த வேலைக்குச் சாலையோரப் புல்மேடே தாராளம்.

---

பூம்பாறைப்பூண்டு

பாசி அக்கா, கல்லா லில்லி கவர்தான் அதிகம் போகிறது. வாங்குபவர் கேட்பதைக் கொடுக்க வேண்டாமா?

---

சோலைப்பாசி

கொடுங்கள் தம்பி. அட்டையில் 'தென்னாப்பிரிக்கப் பூ, இப்போது நம் ஓடையில்' என்று போட்டுக் கொடுங்கள். அதுவும் விற்கும்.

---

வர்க்கியும்_டீயும்

அட்டை என்றதும் ஞாபகம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, கொடைக்கானலிலும் கெடுபிடி. சுருங்கும் உறை, குமிழ் உறை எதுவும் வேண்டாம். மடிக்கும் காகித அட்டைப்பெட்டி, உள்ளே அச்சுப் பக்கத்துக்கு ஒரு வெண்ணெய்த்தாள். யுவி அச்சு 24 மணி நேரம் ஆகாமல் பெட்டியில் போட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும். பாசி அக்கா சொன்னபடி பூவின் சரியான பெயரும் தாவரவியல் பெயரும் பெட்டியின் உள்மூடியில்.

கடை முகப்பில் வெயில் படும்படி தொங்கவிடாதீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் புற ஊதா சமவெளியை விட அதிகம். சப்ளிமேஷன் சாயம் வெளுக்கும்.

---

கேத்தி_கேரட்

16 ஆம்பியர் லைனுக்கு மாற்றி, தகட்டை முன்சூடு காட்டி, ஒன்பது கட்டம் போட்டாயிற்று. புள்ளியும் இரட்டைக் கோடும் போயின. இலையின் இருட்டுப் பகுதி பழுப்பில் இருந்து கறும்பச்சைக்கு வந்துவிட்டது. சாயல் மைனஸ் 8, செறிவு மைனஸ் 10 கட்டம் ஜன்னலோரம் பூவுக்கு மிக அருகில். மைனஸ் 16 போனால் நீலம் சங்குப்பூ மாதிரி ஆகிறது. காட்டுப்பூவரசின் ராவ் பார்த்ததில் சிவப்பு சானல் உண்மையிலேயே வழிந்திருக்கிறது, அந்தப் படத்தை விட்டாயிற்று.

மிச்சம் ஒன்று. அதே கோப்பு, அதே அளவீடு, ஆனால் காலையில் போட்ட தகடும் மாலையில் போட்ட தகடும் ஊதாவில் ஒரு நூல் வித்தியாசம்.

---

மைத்துளி

மாலைத் தகடு மங்கலா, சிவப்பா?

---

கேத்தி_கேரட்

மங்கல். சிவப்பு இல்லை.

---

மைத்துளி

அப்படியானால் வோல்டேஜ்தான். மாலையில் 60க்குப் பதில் 70 விநாடி வைத்து ஒரு தகடு, அல்லது ஸ்டெபிலைசர் போட்டு 60லேயே ஒன்று. முதலில் பத்து விநாடியைச் செய்யுங்கள், காசு மிச்சம்.